பிரித்து வைத்த இருபத்து நான்கு நாட்கள்

என் மனைவியின் ஈரலுக்குள் கதிர்ப் பொருள் நின்ற நேரம் முதல் தடவை ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி. ஒரு வாரம் கழித்து, இரண்டாம் தடவை, பத்து நிமிடம் இருபது விநாடி. இரண்டு தடவையும் மதுரை ஆஸ்பத்திரியில் அந்தக் கனத்த கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என் கைக்கடிகாரத்தில் பார்த்து எழுதிக்கொண்டேன். ஒரே ஆள், ஒரே இடம், எதற்கு நாற்பது விநாடி கூடுதல் என்று மிஷினை இயக்குபவரிடம் கேட்டேன். "அந்தக் கதிர்ப் பொருளுக்கு நாளுக்கு நாள் கொஞ்சம் வீரியம் குறையும் சார். குறைஞ்சதுக்கு ஈடா நேரத்தைக் கூட்டிக்குவோம்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. கணக்கு நேராகிவிட்டால் எனக்கு மற்றக் கேள்விகள் மறந்துபோகும். அன்றைக்கு இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு ஆண்டு நேரக் காப்பாளராக இருந்தவன் நான். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் தாமதம், எத்தனை பேர் ஏறினார்கள் என்று எழுதுவதுதான் வேலை. வேலை ஓய்ந்த பிறகும் பழக்கம் ஓயவில்லை. நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நூற்றுப் பதினான்கு படிகள். இன்றைக்கும் எண்ணித்தான் ஏறுகிறேன். என் மனைவி மன்னவனூரில் பூண்டு போடும் குடும்பத்தில் பிறந்தவள். அவளுக்கு எண்ணிக்கை என்றால் ஒரு கைப்பிடி, ஒரு மடி, ஒரு மூட்டை. அவ்வளவுதான். "நீங்க எண்ணி முடிக்கிறதுக்குள்ள நான் சோலிய முடிச்சிருவேன்" என்பாள். முடித்தும் விடுவாள்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு அவளுக்குக் கண் மஞ்சளானது. மன்னவனூர்ப் பக்கம் ஒருவர் காமாலைக்குப் பச்சிலை அரைத்துக் கொடுப்பார். வெறும் வயிற்றில், மோரில் கலந்து, உப்பில்லாத பத்தியத்தோடு ஒன்பது காலை. இறங்கவில்லை என்று இன்னொரு ஒன்பது காலை. பதினெட்டு நாளில் மஞ்சள் கூடியதே தவிரக் குறையவில்லை. அதைவிடக் கொடுமை அரிப்பு. உடம்பு முழுக்க உள்ளே இருந்து அரித்தது. சீப்பால் சொறிந்தாள். அது போதாமல் உருளைக்கிழங்குச் சாக்கைக் கிழித்து முதுகில் போட்டு இழுத்துத் தேய்த்துக்கொண்டாள். சாக்கில் ரத்தம் இருந்த அன்றுதான் மதுரைக்குக் கூட்டிப்போனேன்.

மருத்துவர் நாற்பது வயதுப் பெண்மணி. ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்து காட்டினார். ஈரலின் இரண்டு பக்கத்திலிருந்தும் பித்தம் வரும் குழாய்கள் ஒன்றுசேரும் கவட்டில் ஒரு கட்டி. புற்றுநோய். பக்கத்து ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டுவிட்டதால் அறுத்து எடுக்க முடியாது. முதலில் வலது விலாவுக்குக் கீழே துளைத்து ஈரல் வழியாக ஒரு மெல்லிய குழாய் விட்டு, அடைபட்ட பித்தத்தை வெளியே ஒரு பையில் வடியவிட வேண்டும். மஞ்சள் இறங்கியதும் அதே குழாய் வழியாகக் கதிர்ப் பொருளைக் கட்டி இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வெளியிலிருந்து பாய்ச்சினால் நல்ல இடமும் சேர்ந்து வேகும். உள்ளேயே கொண்டுபோனால் விரல் பருமனுக்கு மட்டும் வேலை செய்யும்.

"இது தீர்க்காதும்மா. வழியைக் கொஞ்ச நாளைக்குத் திறந்து வைக்கும்" என்று அவளைப் பார்த்தே சொன்னார்.

"கொஞ்ச நாளுன்னா? எம்பொண்ணு மாசமா இருக்கா. ஆறு வருசம் கழிச்சு இப்பத்தான். பிரசவத்துக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கு. அதுவரைக்கும் இருப்பனா?"

"அதுக்குத்தாம்மா பாக்குறோம்."

எங்களுக்கு ஒரே மகள். ஆயக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தோம், கொய்யா மண்டி வைத்திருக்கும் குடும்பம். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடித்து, முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எல்லோர் வீட்டிலும் உள்ள முறை. அதற்காகத்தான் இவள் குழாயையும் பையையும் கதிரையும் ஒத்துக்கொண்டாள். வேறு எதற்காகவும் இல்லை. நான் இருக்கிறேனே, எனக்காகக்கூட இல்லை. ஆறு வருடமாக மகளை ஊர்ப் பெண்கள் கேட்ட கேள்விகளையெல்லாம் அவளோடு சேர்ந்து வாங்கிக்கொண்டவள் இவள். அந்த மகளுக்கு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

நான்கு வாரம் பையோடு வீட்டில் இருந்தாள். பையில் இறங்கும் கரும்பச்சை நீரைத் தினமும் அளந்து எழுதச் சொல்லியிருந்தார்கள். என்னைப் போன்றவனுக்கு அது ஒரு வேலை. காலை முந்நூற்றுப் பத்து, மாலை இருநூற்று எண்பது என்று நோட்டில் ஏறியது. அரிப்பு நின்றது. கண் வெளுத்தது. இரண்டாம் வாரம் ரசம் கேட்டுச் சாப்பிட்டாள். பிறகு மதுரையில் தங்கி இரண்டு தடவை கதிர் வைத்தார்கள். இரண்டாம் தடவை முடிந்த மறுநாள் உள்ளே ஒரு கம்பிச் சுருளை வைத்து வழி மூடாமல் செய்துவிட்டு, வெளிக்குழாயை எடுத்தார்கள். விலாவில் ஒரு சின்னப் பஞ்சு மட்டும். புடவையைச் சரி செய்துகொண்டு, "பையத் தூக்காம நடக்கையில ஒரு பக்கம் சாயுற மாதிரி இருக்கு" என்று சிரித்தாள்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

கதிர் அறைக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிர்ச் சுவரில் தட்டச்சு செய்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதன் மேற்பகுதியை ஒரு ஜவுளிக்கடைக் காலண்டர் மறைத்துத் தொங்கியது. கீழே ஏழு அறிவுரைகள் தெரிந்தன. தனித் தட்டு, தனி டம்ளர். துணியைத் தனியே துவைக்க வேண்டும். கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும். இப்படிப் போய் ஆறாவதாக, கர்ப்பிணிகளும் குழந்தைகளும் நான்கு வாரம் நோயாளியின் அருகில் வரக் கூடாது, ஆறடி தள்ளியிருக்க வேண்டும் என்று இருந்தது. ஏழையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். நான்கு வாரம் என்பதற்கு எதிரே இருபத்தெட்டு என்று எழுதி வட்டமிட்டேன்.

மருத்துவரிடம் ஏன் கேட்கவில்லை என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். முப்பத்தொரு ஆண்டு என் அறைச் சுவரில் மேலிடத்துச் சுற்றறிக்கைகள் வந்து ஒட்டப்படும். ஒட்டியதைப் படிக்க வேண்டும், அதன்படி நடக்க வேண்டும். அது யாருக்கு, எதற்கு என்று போய்க் கேட்டவன் எவனும் அங்கே நிம்மதியாக வேலை பார்த்ததில்லை. சுவரில் ஒட்டியிருந்தால் அது எனக்கு என்றே நான் பழகிவிட்டேன்.

ஆனால் அவள் கேட்டிருந்தாள். வத்தலக்குண்டு தாண்டி வண்டி மலை ஏறும்போது மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, அந்த நர்சுப் புள்ளகிட்டக் கேட்டேன். கதிரு இருக்குற கம்பி உள்ள போயி, வேலைய முடிச்சுட்டு, திரும்ப மிஷின் பெட்டிக்கே வந்துருமாம். உள்ள ஒண்ணும் தங்காதாம்."

"அது நேத்து வேலைக்கு வந்த புள்ள. அதுக்கென்ன தெரியும்? செவத்துல எழுதி ஒட்டிருக்கான்."

"எழுதுனவன் என் வகுத்துக்குள்ள வந்து பாத்தானா?"

"விளையாடாத. ஆறு வருசம் கழிச்சு வந்த உசிரு. ஏதாச்சும் ஆச்சுன்னா நீ தாங்குவியா?"

 அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருக்காது என்று தெரிந்தேதான் கேட்டேன்.

மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். வளைகாப்பு முடிந்தாலும் உடனே அழைத்து வர முடியாது, இருபத்தெட்டு நாள் கழித்துத்தான் என்றேன். அழுதாள். பிறகு, "சரிப்பா. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நான் காலண்டர்ல அடிச்சுக்கிட்டே வர்றேன்" என்றாள்.

தினமும் மாலை ஆறு மணிக்கு வீட்டுத் தொலைபேசி அடிக்கும். அம்மாவும் மகளும் பேசுவார்கள். நான் பக்கத்தில் நிற்பேன். ஒருநாள் என் மனைவி பேசிக்கொண்டே இருந்தவள், ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்து, "இது வழியா ஒண்ணும் போகாதுல்ல? நோட்ட எடுத்துப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். சிரிக்காமல் கேட்டாள். நானும் ஒரு கணம் யோசித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருந்தாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் பெற்றோரோடு வந்தவள், இங்கே பேரிக்காய்த் தோட்டத்தில் கூலி வேலை. தினமும் வேலைக்குப் போகும் முன் வந்து என் மனைவிக்குத் தலை வாரி விடுவாள். அவளுடைய பேத்தி பின்னாலேயே ஓடி வரும். அந்தப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்த, ஆறடியை நாடாவால் அளந்து சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டேன்.

"என்னங்கய்யா இது, கோழிக்கா கோடு போடுறீங்க?" என்றாள் அவள். "நாங்க தோட்டத்து லய வீட்டுல இருக்கக்குள்ள அம்மை கண்டவங்களையே மடியில போட்டுத்தான் பாத்தோம். இந்தம்மாவ என்னமோ பாம்பப் பாக்குற மாதிரிப் பாக்குறீங்க."

"இது வேற விசயம்மா. கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாததையா டேப்பு வச்சு அளந்தீங்க?"

உள்ளே கட்டிலில் என் மனைவி சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால், அதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

வளைகாப்பு அந்தக் கணக்கில் ஒன்பதாம் நாள் வந்தது. அவளால் பயணம் செய்ய முடிந்த நாட்கள் அவை. சோறு இறங்கியது, படி இறங்கி ஏறினாள். ஆனாலும் நான் மட்டும்தான் போனேன். அவள் முந்தின வாரமே பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பிக் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருந்தாள். பச்சையும் சிவப்பும், கைக்கு இருபத்தொன்று. ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்த்து, கீறல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, தன் பழைய பட்டு ரவிக்கைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். "மொத வளையல நான் போட்டதா நெனச்சுப் போட்டுக்கச் சொல்லுங்க" என்றாள்.

பழனி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். கையில் அந்தப் பொட்டலம். அவள் தொட்டது, அவள் துணி. தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துணி என்ற வரிகள் நினைவில் ஓடின. கடையில் அதே அளவில் அதே நிறத்தில் புதிதாக நாற்பத்திரண்டு வளையல் வாங்கினேன். அவள் கொடுத்ததை நிலையத்து வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பூக்கார அம்மாவிடம் கொடுத்தேன். அந்த அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், பக்கத்தில் குழந்தை எதுவும் இல்லை என்று பார்த்துத்தான் கொடுத்தேன். "யாருக்குய்யா?" என்று கேட்டது. "உங்களுக்குத்தான்" என்றேன். அது என்னை ஒரு மாதிரி பார்த்தது.

ஆயக்குடி வீட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். "பெத்தவ வராமலா வளைகாப்பு?" என்று யாரோ என் காதுபடக் கேட்டார்கள். என் சம்பந்தியம்மா, மகளின் மாமியார், கொஞ்சம் வாய் நீளமானவர், ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். "ஏன், நான் ஆத்தா இல்லையா? வாயப் பொத்திக்கிட்டுச் சந்தனத்தப் பூசுங்கடி" என்று அதட்டினார். பிறகு மகளின் கையைப் பிடித்து, "இது ஒங்கம்மா குடுத்துவிட்டது" என்று சொல்லி முதல் வளையலைப் போட்டார். மகள் அந்த வளையலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. "அளவு சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு."

இருபத்து நான்காம் நாள் காலையில் அவளுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. கட்டில் ஆடும் அளவுக்கு நடுங்கினாள். மூன்று கம்பளி போட்டும் நிற்கவில்லை. கண்ணில் மீண்டும் மஞ்சள். வாடகை வண்டி பிடித்து மதுரை போய்ச் சேர நான்கு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆனது. உள்ளே வைத்த சுருளில் அடைப்பு, அதனால் சீழ் பிடித்திருக்கிறது என்றார்கள். ஊசி போட்டுச் சக்கரக் கட்டிலில் கதிர்ப் பிரிவு வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அதே மருத்துவர் வந்தார்.

"கூட நீங்க மட்டும்தானா சார்? பொண்ணு வந்திருப்பாங்கன்னு நெனச்சேன். பிரசவத்துக்கு அழைச்சுட்டு வரணும்னு அம்மா சொல்லிட்டே இருந்தாங்களே?"

"இன்னும் நாலு நாள் இருக்கு டாக்டர். இருபத்தெட்டு முடியலை."

"என்ன இருபத்தெட்டு?"

நான் நோட்டை எடுத்துக் காட்டினேன். அவர் படித்தார். எதிர்ச் சுவரைப் பார்த்தார். நடந்துபோய் அந்தக் காலண்டரை ஒரு கையால் தூக்கிப் பிடித்தார். அடியில் தடித்த எழுத்தில் தலைப்பு இருந்தது: தைராய்டுக்குக் கதிர் மருந்து குடித்த நோயாளிகளுக்கு.

 காலண்டரை விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். "சார், அவங்க மருந்தாக் குடிக்கிறாங்க. அது உடம்புல இருக்கும். அம்மாவுக்கு நாங்க செஞ்சது வேற. ஒரு இருட்டு அறைக்குள்ள விளக்கக் கொண்டுபோய்ப் பத்து நிமிசம் வச்சுட்டு வெளிய எடுத்துட்டோம். வெளிய எடுத்தப்புறம் உள்ள வெளிச்சம் இருக்குமா? அன்னைக்கு அந்தக் கதவத் திறந்த நிமிசத்துலேயே அவங்க பொண்ணு வந்து கட்டிப்பிடிச்சிருக்கலாம்."

நான் சக்கரக் கட்டிலைப் பார்த்தேன். அவள் கண் விழித்துத்தான் இருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு நாள் இவ்வளவு பாரமாக இருந்திருக்காது.

இனி எவ்வளவு நாள் என்று மருத்துவரைத் தனியே கேட்டேன். அவர் எண் எதுவும் சொல்லவில்லை. "பொண்ணை வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

வார்டுக்கு மாற்றிய பிறகு அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவகிட்டச் சொல்லாதீங்க."

"எத?"

"இது தேவையில்லாமப் போச்சுன்னு. தேவைன்னே இருக்கட்டும்."

"நான் என்னன்னு..."

"நான் சொல்றதக் கேளுங்க. எனக்கப்புறம் ஒங்களுக்கு அவ ஒருத்திதான். தெரிஞ்சா ஒங்க மொகத்துல முழிக்க மாட்டா. எனக்குத் தெரியும், அவ என்னய மாதிரி இல்ல. மனசுல வப்பா." மூச்சு வாங்கினாள். "வெரசா வரச் சொல்லுங்க. இந்த ஒரு தடவையாச்சும் எண்ணாமச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த தொலைபேசிக் கடையிலிருந்து கூப்பிட்டேன். "அம்மாவுக்குக் காய்ச்சல். மதுரையில இருக்கோம். நீ வந்துரும்மா. மலை ஏற வேணாம், கீழ் ரோடுதான், வண்டியில மெதுவா வா" என்றேன்.

"அப்பா, இன்னும் நாலு நாள் இருக்கே? இன்னைக்கு இருபத்து நாலுதானே? அடிச்சு வச்சிருக்கேன்."

"நான் தப்பா எண்ணிட்டேன்மா. ரெண்டாவது தடவையிலருந்து எண்ணினேன். மொதத் தடவையிலருந்து எண்ணணுமாம். அப்படிப் பாத்தா இன்னைக்கு முப்பத்தொண்ணு."

அந்தப் பக்கம் சிரித்தாள். "நீங்களாப்பா தப்பா எண்ணுனீங்க?" பிறகு சிரிப்பு நின்றது. நான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று அவள் வாழ்க்கையில் கேட்டதே இல்லை. அம்மாவின் நிலை அவளுக்கு அதிலிருந்துதான் புரிந்தது. "இப்பவே கிளம்புறேன்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்தோம். ஐந்து நாள் ஊசிக்குப் பிறகு காய்ச்சல் தணிந்ததும் அவளை அங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வார்டில் ஐந்து நாளும் அறையில் ஆறு நாளும், ஆக மொத்தம் பதினொரு நாள் அம்மாவும் மகளும் சேர்ந்திருந்தார்கள். அரிப்பு திரும்ப வந்திருந்தது. மகள் அவள் முதுகை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருப்பாள். இவள் ஒரு கையை மகளின் வயிற்றிலிருந்து எடுக்கவே மாட்டாள். உட்கார முடிந்த ஒரு காலையில் மகளைக் கீழே உட்கார வைத்து, தான் கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு அவள் தலையில் எண்ணெய் வைத்தாள். பாதித் தலை முடிவதற்குள் கை தளர்ந்துவிட்டது. மிச்சப் பாதியை என்னிடம் காட்டி, "நீங்க வைங்க" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். "எண்ணாம வைங்க, வந்துரும்" என்றாள். வைத்தேன்.

குழந்தையைக் குளிப்பாட்டும்போது தலையை எப்படித் தாங்குவது, தொப்புள் விழும்வரை என்ன செய்வது, மாமியார் வாய்க்கு எப்படிப் பதில் சொல்லாமல் இருப்பது என்று முழு வாக்கியமாகப் பேச முடியாமல் துண்டு துண்டாகச் சொன்னாள். பத்தாம் நாள் பேச்சு குழறியது. பதினோராம் நாள் பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் போய்விட்டாள். மகளின் கை அவள் கைக்குள் இருந்தது. பேத்தி பிறந்தது அதற்கு இருபத்தாறு நாள் கழித்து.

பேத்தி நல்லபடியாக வளர்ந்தது. அது நடந்தது, பேசியது, படியில் ஏறியது. ஒவ்வொன்றுக்கும் மகள் தொலைபேசியில் சொல்வாள். சொல்லிவிட்டு, "அன்னைக்கு நீங்க கண்டிப்பா இல்லாம இருந்திருந்தா இவளுக்கு என்ன ஆயிருக்குமோப்பா" என்பாள். விசேஷ வீடுகளில் மற்றவர்களிடமும் சொல்வாள்: எங்கப்பா எல்லாத்தையும் கணக்குப் பாத்துத்தான் செய்வாரு, அம்மாவையே தள்ளி வச்சாருன்னா பாத்துக்கங்க, எங்களுக்காகத்தான். நான் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் அம்மா எனக்காக வாங்கி வைத்துவிட்டுப் போன மன்னிப்பு அது. கொடுக்க வேண்டிய மகளுக்கே தெரியாமல் வாங்கியது.

நான்கு வருடம் அப்படிப் போனது. பிறகு சம்பந்தியம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்தது. வெளிக்கதிர் கொடுத்து முடித்து, கடைசியில் உள்ளே வைக்கும் கதிர் மூன்று தடவை. முடிந்து வீட்டுக்கு வந்த சில நாளில் மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, அத்தைக்கும் உள்ளதான் வச்சாங்க. அங்க கேட்டா, பக்கத்துல போகலாம், ஒண்ணும் இல்லங்கிறாங்க. அவங்க அப்படித்தான் சொல்வாங்க. எனக்கு ஒங்க கணக்குதான். பாப்பாவ இருபத்தெட்டு நாள் மாடிக்கு மாத்திட்டேன். கீழ விடுறதே இல்ல. அத்தை 'பாப்பா, பாப்பா'ன்னு படிக்கட்டுல நின்னு கூப்பிடுறாங்க. பாவமா இருக்கு. ஆனா என்ன செய்யிறது?"

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அது இருபத்தெட்டில் ஐந்தாம் நாள்.

மறுநாள் முதல் வண்டியில் பழனி வழியாக ஆயக்குடி போனேன். வழியில் எத்தனை வளைவு என்று எனக்கு மனப்பாடம். அன்றைக்கு ஒன்றையும் எண்ணவில்லை. மனைவிக்குக் கொடுத்த வாக்கை மீறப் போகிறேன் என்பது மட்டும் மனதில் இருந்தது. அவள் இருந்திருந்தால் அந்தப் படிக்கட்டைப் பார்த்துவிட்டு அவளே சொல்லியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையா, எனக்கு வசதியானதா என்று இன்றுவரை தெரியவில்லை.

மகள் அடுப்படியில் இருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காலண்டர், அதன் கீழ் இருந்த தலைப்பு, வளையல், பூக்கார அம்மா, தொலைபேசியில் சொன்ன பொய்க் கணக்கு. நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று நிறுத்தாமல் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"அப்ப அந்த இருபத்து நாலு நாளும் நான் அங்க இருந்திருக்கலாமா?"

"இருந்திருக்கலாம்."

"அம்மா அப்ப நல்லா நடந்துக்கிட்டு இருந்தாங்க."

"ஆமா."

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியும். நான் நோட்டுல இருந்தத நம்புனேன். அவ கேட்டுட்டு வந்து சொன்னதை நம்பல. கடைசியில அவதான் ஒங்கிட்டச் சொல்ல வேண்டாம்னா."

 அவள் மாடிக்குப் போனாள். பேத்தியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, என்னைத் தாண்டி, உள்ளறையில் படுத்திருந்த மாமியாரின் பக்கத்தில் படுக்க வைத்தாள். சம்பந்தியம்மா, "ஏத்தா, நாளாயிருச்சா அதுக்குள்ள?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.  மகள் அந்தக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். மதுரையில் அவள் அம்மா போன அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை. மாமியாரின் கை அவள் தலைமேல் வந்தது. பேத்தி எழுந்து உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

நான் வாசலில் நின்றேன். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கொய்யாக் கூடை ஏற்ற வந்த வண்டிக்காரர், யாருக்காகவோ காத்திருப்பவன் என்று நினைத்து எனக்கு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். அதில் உட்கார்ந்தேன்.